லெ மான்ஸில் எட்டுச் சுற்று: கேமில் நீண்ட ரேஸ் ஓட்டுவது எப்படி

ரேஸிங் கேம் ஆடுகிற பெரும்பாலானவர்களுக்கு ஐந்து நிமிட ரேஸ்தான் பழக்கம். மூன்று சுற்று, மிஞ்சிப்போனால் ஐந்து சுற்று. பச்சை விளக்கு எரிந்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துவது, முதல் வளைவிலேயே நாலு காரைத் தாண்டுவது, தாண்ட இடமில்லை என்றால் இடித்துக்கொண்டாவது உள்ளே புகுவது, தோற்றால் ரீஸ்டார்ட். இதே பழக்கத்தோடு ஒரு முப்பது நிமிட ரேஸுக்குள் போனால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். மூன்றாவது சுற்றில் முதலிடம். ஐந்தாவது சுற்றில் டயர் தேய்ந்து, ஈரத் தரையில் சோப்பு மேல் கால் வைத்த மாதிரி கார் வழுக்கியது. ஆறாவது சுற்றில், பிட் (நடுவில் காரை நிறுத்திப் பெட்ரோல் போட்டு டயர் மாற்றும் இடம்) வாசலுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்து, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தபடி எல்லாரும் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு என் வேகத்தில் குறை எதுவும் இல்லை. இந்த ஆட்டத்தின் கணக்கு எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கை யாராவது முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். அதனால் இப்போது நான் சொல்கிறேன்.

எண்டூரன்ஸ் ரேஸ், அதாவது மணிக்கணக்கில் நீளும் ரேஸ், என்றதும் நம் ஆட்களில் பலருக்கு நினைவுக்கு வருவது 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததுதான். அன்றைக்கு டிவியிலும் போனிலும் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம்: ஒரு கார், பல ஓட்டுநர்கள், மாறி மாறி. கார் திரும்பத் திரும்ப உள்ளே வருகிறது, பெட்ரோல் போடுகிறார்கள், டயர் மாற்றுகிறார்கள், வேறொருவர் ஏறிப் போகிறார். ஒரு தடவை பிட்டிலிருந்து கிளம்பி அடுத்த தடவை பிட்டுக்கு வரும்வரை ஓட்டுகிற அந்தத் துண்டுக்கு ஸ்டின்ட் என்று பெயர். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு சொல்லைத்தான் எடுத்துக்கொண்டு போவேன் என்றால், அது இந்தச் சொல்லாக இருக்கட்டும். குறுகிய ரேஸில் நாம் சுற்றுகளை எண்ணுகிறோம். நீண்ட ரேஸில் ஸ்டின்டுகளை எண்ண வேண்டும். இருபத்துநாலு மணி நேர ரேஸும் இப்படிப்பட்ட பல துண்டுகளை ஒன்றோடொன்று கோத்த மாலைதான், ஒரு துண்டை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தால் மீதியும் வரும்.

கற்றுக்கொள்ள நான் சிபாரிசு செய்யும் இடம் கிரான் டூரிஸ்மோ 7-இல் இருக்கும் லெ மான்ஸ் முப்பது நிமிட ரேஸ். கேமில் அது வேர்ல்ட் டூரிங் கார் 700 என்ற பெயரில் இருக்கும். வேறு கேம் வைத்திருப்பவர்களும் இதே தடத்தில் முப்பது நிமிடம் வைத்து ஓட்டிப் பார்க்கலாம், கணக்கு மாறாது. ஏன் லெ மான்ஸ்? பிரான்ஸில் 1923-இல் தொடங்கிய 24 மணி நேர ரேஸின் தடம் அது. ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். பெரும்பகுதி சாதாரண நாட்களில் ஊர் வண்டிகள் போய்வரும் சாலை. நடுவில் மல்சான் என்று ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நேர்ச்சாலை. 1990-இல் வேகத்தைக் குறைக்க அதில் இரண்டு சிக்கேன்களை (காரை மெதுவாக்க வைக்கும் நெளிவு வளைவுகளை) வைத்தார்கள். சுற்று இவ்வளவு பெரியதாக இருப்பதால் பிட்டுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நாலு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். சின்னத் தடத்தில் தப்பு செய்தால் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம், இங்கே முடியாது. அதனால்தான் நல்ல பள்ளிக்கூடம்.

சரி, கணக்குக்கு வருவோம். பெட்ரோலிலிருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

உங்கள் காரின் டேங்க் 100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று ஓட ஏறக்குறைய நாலு நிமிடம், ஆகவே முப்பது நிமிடத்துக்கு எட்டுச் சுற்று. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டினால் சுற்றுக்கு 26 லிட்டர் குடிக்கிறது என்று வைப்போம். (உங்கள் காருக்கு எண் வேறாக இருக்கும், முதல் இரண்டு சுற்றில் திரையைப் பார்த்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.) மூன்று சுற்றுக்கு 78 லிட்டர், நாலாவது சுற்றுக்கு மிச்சம் 22. போதாது. ஆக மூன்றாவது சுற்று முடிவில் ஒரு பிட், ஆறாவது முடிவில் இன்னொரு பிட். இரண்டு தடவை நிற்க வேண்டும்.

இப்போது அதே காரைக் கொஞ்சம் சிக்கனமாக ஓட்டி, சுற்றுக்கு 24.5 லிட்டருக்குக் கொண்டுவருகிறீர்கள். வித்தியாசம் ஒன்றரை லிட்டர்தான். ஆனால் நாலு சுற்றுக்கு 98 லிட்டர், டேங்கில் அடங்கிவிட்டது. நாலாவது சுற்று முடிவில் ஒரே ஒரு தடவை நின்று நிரப்பினால் மீதி நாலு சுற்றும் ஓடிவிடும். ஒரு பிட் ஸ்டாப்பே காணாமல் போய்விட்டது! பிட் பாதையில் மெதுவாகப் போவது, நிற்பது, மறுபடி வேகமெடுப்பது எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 40 நொடி என்று வைத்தால், அந்த 40 நொடி உங்கள் கையில். சிக்கனமாக ஓட்டியதால் சுற்றுக்கு ஒன்றரை நொடி இழந்திருப்பீர்கள், எட்டுச் சுற்றுக்கு 12 நொடி. மிச்சம் 28 நொடி லாபம். ஒரு காரைக்கூடச் சண்டை போட்டுத் தாண்டாமல் கிடைத்த 28 நொடி இது. முதன்முதலில் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது, அதுவரை பிட் ஸ்டாப் என்பது தானாக வந்துபோகும் ஒரு விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் கார் ஏற்கெனவே சுற்றுக்கு 22 லிட்டர்தான் குடிக்கிறது என்றால், நாலு சுற்றுக்கு 88, ஒரு பிட் போதும். அதை 21 ஆக்குவதற்காக மெதுவாக ஓட்டினால் பிட் எண்ணிக்கையில் மாற்றம் வராது, நிரப்பும் நேரத்தில் ஓரிரு நொடி மிச்சமாகும், அவ்வளவுதான். ஆகவே சிக்கனம் என்பது எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிட்டைக் குறைக்க உதவுகிறதா என்று பாருங்கள். உதவினால் கறாராகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் தாராளமாக மிதியுங்கள்.

எப்படிச் சேமிப்பது? மூன்று வழி, இதில் முதல் வழிதான் நான் அதிகம் பேச விரும்புவது. நேர்ச்சாலையின் கடைசியில், வழக்கமாக பிரேக் மிதிக்கும் இடத்துக்கு நூறு மீட்டர் முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலையோ விரலையோ எடுத்துவிட்டுக் காரைச் சும்மா உருளவிடுவது. ஆங்கில வர்ணனையாளர்கள் லிஃப்ட் அண்ட் கோஸ்ட் என்பார்கள். ஏன் கடைசியில்? காற்றின் தடை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகம் இரட்டித்தால் தடை நாலு மடங்காகும். 140-இல் போகும்போது இருப்பதைவிட 280-இல் போகும்போது காற்று நாலு மடங்கு பலமாகத் தள்ளுகிறது. அந்த வேகத்தில் எரிக்கும் பெட்ரோலில் பெரும்பங்கு காற்றோடு மல்லுக்கட்டத்தான் போகிறது, கூடுதலாகக் கிடைக்கும் நாலைந்து கிலோமீட்டர் வேகத்தையும் அடுத்த நொடியே பிரேக் மிதித்துச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறோம். அந்தக் கடைசி நூறு மீட்டரை விட்டுக்கொடுத்தால் இழப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. லெ மான்ஸில் பலமாக பிரேக் மிதிக்கும் இடங்கள் ஆறேழு உண்டு: டன்லப் சிக்கேன், மல்சானின் இரண்டு சிக்கேன்கள், மல்சான் வளைவு, இண்டியானாபொலிஸ், ஆர்னாஜ், கடைசியில் ஃபோர்டு சிக்கேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாலே சுற்று முடிவில் கணிசமாகச் சேர்ந்துவிடும்.

வளைவிலிருந்து வெளியே வரும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது. டெர்ட்ர் ரூஜ் வளைவைத் தாண்டினால் மல்சான் நேர்ச்சாலை ஆரம்பம், அங்கே வெளியேறும்போது இழக்கும் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் முதல் சிக்கேன் வரை உங்களோடு கூடவே வரும். நேர்ச்சாலையின் தலையில் செலவழித்து வாலில் சேமியுங்கள்.

இரண்டாவது வழி, கியரைச் சீக்கிரம் மாற்றுவது. எஞ்சின் கத்தும் வரை காத்திருக்காமல் ஆர்.பி.எம். முள் சிவப்புக்கு நன்றாக முன்னாலேயே அடுத்த கியருக்குப் போய்விடுவது. மூன்றாவது, கேமே தரும் ஃபியூயல் மேப். கிரான் டூரிஸ்மோ 7-இல் ஒன்றிலிருந்து ஆறு வரை இருக்கும்: ஒன்றில் முழுச் சக்தி, ஆறில் மிகச் சிக்கனம். புதிதாக வருகிறவர்கள் மேப்பை ஆறில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நேர்ச்சாலையில் கார் சோர்ந்துபோகும். மூன்றையும் கலந்து பயன்படுத்துங்கள். முன்னால் ஒரு கார் போனால் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு அது கிழிக்கும் காற்றில் போவதும் நல்ல சேமிப்பு, அந்த நேரத்தில் மேப்பைச் சிக்கனப் பக்கம் நகர்த்தினாலும் பின்தங்க மாட்டீர்கள். அவரைத் தாண்டியே தீர வேண்டும் என்ற துடிப்பை இரண்டு சுற்று அடக்கிவைத்தால் அவர் செலவில் நம் டேங்க் மிச்சமாகும்.

டயர் விஷயத்தில் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் கையில் வரவைப்பது கடினம். டயர் தேய்வது வேகத்தால் மட்டும் இல்லை, முக்கியமாக வழுக்குவதால். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு கீச்சென்று இழுபட்டால் தேயும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்துப் பின்சக்கரம் சுழன்றால் தேயும். கார் திரும்பவில்லையே என்று ஸ்டீயரிங்கை இன்னும் இன்னும் திருப்பினால் முன்டயர் தரையைத் துடைத்துக்கொண்டு போகும், அதுவும் தேய்மானம்தான். திரையில் நாலு டயரின் படமும் இருக்கும், ஸ்டின்டின் நடுவில் ஒரு தடவை பாருங்கள். லெ மான்ஸ் கடிகாரம் சுற்றும் திசையில் ஓடும் தடம் என்பதால் வலது வளைவுகள் அதிகம், பாரம் இடது பக்க டயர்களில் விழும். இடது முன்டயர் மற்றவற்றைவிடச் சட்டென்று குறைகிறது என்றால் வளைவுக்குள் நீங்கள் அதிக வேகத்தோடு நுழைகிறீர்கள் என்று பொருள். ஒரு கார் நீளம் முன்பே பிரேக் மிதித்து, மெதுவாக உள்ளே போய், சீக்கிரம் வெளியே வந்து பாருங்கள். சுற்று நேரம் மாறாது, டயர் பிழைக்கும்.

சாஃப்டா ஹார்டா என்று எல்லாரும் கேட்பார்கள். சாஃப்ட் டயர் முதல் இரண்டு சுற்று அருமையாகப் பிடிக்கும், நாலாவது சுற்றில் கைவிட்டுவிடும். பெட்ரோல் உங்களை நாலாவது சுற்று முடிவில்தான் உள்ளே அழைக்கிறது என்றால், அதுவரை தாங்கும் டயர்தான் உங்கள் டயர். டயரும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் தீர வேண்டும். அதுதான் நல்ல ஸ்டின்ட்.

அப்புறம் மழை. இந்த ரேஸில் மழை வரலாம், வராமலும் போகலாம். வந்தால் தடம் முழுக்க ஒரே மாதிரி வரும் என்று நினைக்காதீர்கள், பதின்மூன்று கிலோமீட்டர் தடத்தில் பிட் பக்கம் காய்ந்துகிடக்கும்போது மல்சான் பக்கம் நனையும். திரையில் மழை மேகத்தைக் காட்டும் ராடார் இருக்கிறது, நேர்ச்சாலையில் போகும்போது அதைப் பெரிதாக்கிப் பாருங்கள், வளைவில் வேண்டாம். மேகம் எந்தத் திசையில் நகர்கிறது, எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். சின்னத் தூறல் என்றால் காய்ந்த தரை டயரிலேயே ஒரு சுற்று தள்ளாடிச் சமாளிப்பது நல்லது. பெரிய மேகம் என்றால், முழுக்க நனைவதற்கு முந்தைய சுற்றிலேயே உள்ளே வந்து ஈரத் தரைக்கான இன்டர்மீடியட் டயர் போட்டுவிட வேண்டும். ஒரு சுற்று தாமதித்தால் பதின்மூன்று கிலோமீட்டரும் தவறான டயரில் உருள வேண்டியிருக்கும், அந்த ஒரு சுற்றில் அரை நிமிடத்துக்கு மேல் போய்விடலாம். மழை வருமா வராதா என்ற சந்தேகம் இருக்கும்போது உங்கள் பெட்ரோல் பிட்டும் நெருங்கிவிட்டது என்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள், எப்படியும் நிற்கத்தானே போகிறீர்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது, ரேஸ் எப்போது முடிகிறது என்பது. முப்பது நிமிட ரேஸ் முப்பதாவது நிமிடத்தில் முடியாது. கடிகாரம் பூஜ்யமான பிறகு முதலில் இருப்பவர் கோட்டைத் தாண்டும்போதுதான் கொடி விழும். முதலிடக்காரர் 29 நிமிடம் 55 நொடியில் கோட்டைத் தாண்டினால், இன்னும் ஐந்து நொடி இருக்கிறதே, அவ்வளவுதான், அவர் இன்னொரு முழுச் சுற்று ஓடியாக வேண்டும், நீங்களும்தான். அதாவது இன்னொரு நாலு நிமிடம், இன்னொரு 24 லிட்டர். அதையே அவர் 30 நிமிடம் 5 நொடியில் தாண்டினால் அங்கேயே முடிந்தது. பத்து நொடி வித்தியாசத்தில் ஒரு முழுச் சுற்றுப் பெட்ரோல்! அதனால் கடைசி பிட்டில் நிற்கும்போதே முதலிடக்காரரின் சுற்று நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, சந்தேகமாக இருந்தால் ஒரு சுற்றுக்கான பெட்ரோலைச் சேர்த்தே போட்டுக்கொள்ளுங்கள். நீங்களே முதலிடத்தில் இருந்தால் இன்னும் சுவாரசியம்: கோட்டைத் தாண்டும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது, பத்து நொடி மெதுவாகப் போனால் ஒரு முழுச் சுற்றையே தவிர்க்கலாம், பின்னால் வருபவர் பத்து நொடிக்கு அப்பால் இருந்தால்.

நிஜ லெ மான்ஸில் இந்தக் கடைசி நிமிடங்கள் எவ்வளவு கொடுமையானவை என்பதை 2016-இல் பார்த்தோம். 24 மணி நேரத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் மிச்சம், கசூக்கி நகஜிமா ஓட்டிய டொயோட்டா முன்னிலையில் வந்துகொண்டிருந்தது, திடீரென்று சக்தி இழந்து பிட் எதிரிலேயே நின்றது. போர்ஷே தாண்டிப்போய் ஜெயித்தது. கடைசிச் சுற்றைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. நகஜிமா காரை எப்படியோ நகர்த்திக் கோட்டைத் தாண்டியும் நேரம் அதிகமாகிவிட்டதால், நாள் முழுக்க ஓடிய அந்தக் கார் முடிவுப் பட்டியலில் இரண்டாம் இடம்கூட இல்லாமல் போனது. அந்த வீடியோவைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு என்னவோ செய்கிறது.

தொடக்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் லெ மான்ஸில் ஓட்டுநர்கள் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்து காரில் குதித்துக் கிளம்புவார்கள். அவசரத்தில் பலர் சீட் பெல்ட்டை ஒழுங்காகப் போடுவதில்லை. 1969-இல் ஜாக்கி இக்ஸ் என்ற ஓட்டுநர் அதை எதிர்த்து, எல்லாரும் ஓடும்போது தான் மட்டும் நடந்துபோய், பெல்ட்டைப் பொறுமையாகப் போட்டு, கடைசி ஆளாகக் கிளம்பினார். அதே முதல் சுற்றில் ஜான் வூல்ஃப் என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்துபோனார். 24 மணி நேரம் கழித்து இக்ஸும் அவர் கூட்டாளி ஜாக்கி ஆலிவரும் ஓட்டிய ஃபோர்டு ஜிடி40 நூற்றுச் சொச்சம் மீட்டர் வித்தியாசத்தில் ஜெயித்தது. மறு வருடத்திலிருந்து ஓட்டுநர்கள் காருக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடிதான் கிளம்பினார்கள். முதல் வளைவுக்குள் இரண்டு காருக்கு நடுவே மூக்கை நுழைக்கத் தோன்றும்போதெல்லாம் நான் இக்ஸை நினைத்துக்கொள்வேன். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது அந்த வளைவில் இடித்துக்கொண்டு, வளைந்த காரோடு மீதி ஏழு சுற்றை ஓட்டுபவருக்குத்தான் பொருந்தும். தள்ளி நின்று மூன்று காரை விட்டுவிட்டால் போவது இரண்டு நொடி. அதே மூன்று காரையும் அவர்களுடைய பிட் ஸ்டாப் உங்களிடம் திருப்பித் தந்துவிடும்.

தப்பின் விலையையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுவோம். உயிரைக் கொடுத்து ஓட்டினால் சுற்றுக்கு அரை நொடியில் பாதி மிச்சம் பிடிக்கலாம், எட்டுச் சுற்றுக்கு இரண்டு நொடி. ஒரு தடவை புல்லில் சுழன்று திரும்பி வர பத்து நொடிக்குக் குறையாது. கிரான் டூரிஸ்மோவில் மோதாமல் ஓட்டினால் கிளீன் ரேஸ் போனஸ் என்று பரிசுத்தொகையோடு கூடுதல் பணமும் தருகிறார்கள், இடித்தால் அதுவும் போச்சு. ஆகவே நூற்றுக்கு நூறில் ஓட்டாதீர்கள். உங்களால் முடிந்த வேகத்தில் ஒரு படி கீழே, பாட்டு கேட்டுக்கொண்டே ஓட்ட முடியும் என்று தோன்றும் வேகம் ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள்.

கண்டுபிடிக்க நான் செய்த பயிற்சி எளிமையானது. தனியாக, வேறு கார் இல்லாமல், ஐந்து சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்று நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மிகச் சிறந்ததைப் பார்க்காதீர்கள், சிறந்ததற்கும் மோசமானதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எனக்கு முதல் நாள் ஆறு நொடி இருந்தது. இரண்டு வாரத்தில் ஒன்றரை நொடிக்கு வந்தது, அந்த இரண்டு வாரமும் என் சிறந்த சுற்று நேரம் முன்னேறவே இல்லை, ஆனால் ரேஸ்களில் நான் வந்த இடம் தொடர்ந்து ஏறியது. இடைவெளி குறைய வேண்டுமானால் பிரேக் மிதிக்கும் இடங்களுக்கு நிலையான அடையாளம் வேண்டும். நிழல், முன்னால் போகும் காரின் பிரேக் விளக்கு இதெல்லாம் அடையாளம் ஆகாது, சாலையோரம் 300, 200, 100 என்று நிற்கும் பலகைகள்தான் அடையாளம். இரவு வந்தால் நிழலும் மரமும் போய்விடும், பலகை மட்டும் ஹெட்லைட்டில் பளிச்சென்று தெரியும்.

உடம்பையும் கவனியுங்கள், இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். பத்து நிமிடத்துக்குமேல் போனால் கன்ட்ரோலரை நசுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கிறோம், தோள் காதருகே ஏறிவிடும், கண் இமைக்காமல் எரியும். மல்சான் நேர்ச்சாலை அதற்காகவே கொடுத்த வரம்: ஒவ்வொரு சுற்றிலும் அங்கே தோளை இறக்குங்கள், ஒரு நீண்ட மூச்சு, நாலைந்து தடவை கண்ணை இமையுங்கள், விரலைத் தளர்த்துங்கள். தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நிஜ லெ மான்ஸில் ஒரு ஓட்டுநர் ஆறு மணி நேரத்துக்குள் நாலு மணிக்குமேல் ஓட்டக்கூடாது, மொத்தம் பதினாலு மணியைத் தாண்டக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். களைப்பு என்பது அங்கே டயர் மாதிரி, பெட்ரோல் மாதிரி எண்ணிக் கணக்கில் வைக்கும் பொருள். வீட்டிலும் அப்படித்தான்.

கரண்டும் நெட்டும் கணக்கில் சேர வேண்டும். ஒரு முறை கடைசிச் சுற்றில், ஃபோர்டு சிக்கேனுக்குக் கொஞ்சம் முன்னால், வீட்டில் கரண்ட் போய்விட்டது. இருபத்தொன்பது நிமிட உழைப்பு, இருட்டு, மின்விசிறி மெல்ல நிற்கும் சத்தம். அடுத்த மாதமே டிவி, கன்சோல், ரூட்டர் மூன்றுக்கும் யு.பி.எஸ். வாங்கினேன். பெரிய அளவிலும் இதே கதைதான். 2020 ஜூனில், கொரோனாவால் நிஜ ரேஸ் தள்ளிப்போனபோது, 50 கார்கள், 200 ஓட்டுநர்களோடு இணையத்திலேயே 24 மணி நேர லெ மான்ஸ் நடத்தினார்கள், அங்கேயும் சர்வர் சிக்கலால் ரேஸை நிறுத்தித் தொடர வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் நடந்ததில் ஃபார்முலா ஒன் சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முன்னிலையில் இருக்கும்போது இணைப்பு அறுந்து பின்தங்கி, கடைசியில் விலகவே செய்தார். நம்மால் முடிந்தது, வைஃபையை நம்பாமல் கேபிள் போட்டுக்கொள்வது.

முப்பது நிமிடம் கைக்கு வந்தபின் ஒரு மணி நேர ரேஸுக்குப் போங்கள், கிரான் டூரிஸ்மோவிலேயே பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஒன்று இருக்கிறது. அதற்கப்புறம் ஐரேசிங், அசெட்டோ கோர்ஸா காம்பெடிஸியோனே போன்ற கேம்களில் நண்பர்களோடு அணியாகச் சேர்ந்து ஆறு மணி, பன்னிரண்டு மணி ரேஸ்கள் ஓட்டலாம், பிட்டில் ஆள் மாறலாம். அங்கே வேகமான கார்களும் மெதுவான கார்களும் ஒரே தடத்தில் கலந்து ஓடும். வேகக் கார் பின்னால் வருவதைப் பார்த்ததும் பதறி ஒதுங்காதீர்கள், வழக்கமாக எந்தக் கோட்டில் போவீர்களோ அதே கோட்டில் போங்கள், தாண்டுவது அவர் பொறுப்பு. நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று அவரால் கணிக்க முடிந்தால் போதும். பெரும்பாலான மோதல்கள் நல்ல மனதோடு திடீரென்று வழிவிட்டவர்களால்தான் நடக்கின்றன.

அணியாக ஓட்டும்போது ஸ்டின்ட் முடிந்து பிட்டுக்குள் நுழைகிற அந்த அரை நிமிடத்தில் அடுத்து ஏறும் நண்பருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்பே யோசித்துவைத்துக்கொள்ளுங்கள். தன் ஸ்டின்ட் எவ்வளவு நன்றாகப் போனது என்று கதை சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது ரேஸ் முடிந்தபின் சொல்லலாம். அவருக்கு வேண்டியது நாலே நாலு தகவல்: “சுற்றுக்கு 24.5 குடிக்குது, நாலு சுற்று போகும். இடது முன்டயர் சீக்கிரம் போகுது, போர்ஷே வளைவுல மெதுவா நுழை. ஆர்னாஜ்ல உள்பக்கம் இன்னும் ஈரம் இருக்கு. பின்னால வர்ற மஞ்சள் கார்க்காரன் அவசரக்காரன், ரெண்டு சுற்று அவனை விட்டுடு, அவன் பெட்ரோல் நமக்கு முன்னாடி தீரும்.” இதைச் சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றலாம், போய்ச் சாப்பிடலாம், அடுத்த ஸ்டின்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.